படைத்தலைவரும் வாக்காளரும்: நுவரெலியா மாவட்டத் தேர்தல்கள் பற்றிய ஒரு நோக்கு

அரசுக்கு அங்கங்கள் ஆறு எனக் கொண்ட திருவள்ளுவர் படையையும் அவ்வாறனுள் ஒன்றாக வைத்தார். படையின் சிறப்பைப் பேச இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். ஆயினும் செங்கோன்மையைப் படையியலில் வைத்துப் பேசினாரல்லர். அதனை அரசியலின்கண் வைத்தார். படையை நடத்தும் ஆற்றல் வேறு, குடியைப் புரக்கும் ஆற்றல் வேறு என்னும் கருத்து அவ்வைப்பு முறையிலேயே புலனாகின்றது. குடியாட்சி நிலவும் இக்காலத்திலோ, படைத்தலைவராக விளங்கியவர் சீருடையைக் களைந்துவிட்டு வாக்காளர் முன் வந்து நிற்பதும், மக்கள் பெருந்தொகையினராக அவரை ஆதரிப்பதும் உலகெங்கும் காணப்படும் நிகழ்ச்சிகளாயின. 1952 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஐசனோவர், 1958 இல் பிரான்சில் டி கோல், 2024 இல் இந்தோனேசியாவில் பிரபோவோ சுபியாந்தோ என இவ்வரிசை நீள்கின்றது. நம் நாட்டிலும் இரண்டு தேர்தல்கள் இவ்வகையின. அவ்விரண்டிலும் மலையக மக்கள் நடந்துகொண்ட முறை தனியே ஆராயத்தக்கது.

2010 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆந் தேதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா, மகிந்த ராஜபக்சவை எதிர்த்துப் போட்டியிட்டார். நாடு முழுவதிலும் நூற்றுக்கு 40 அளவான வாக்குகளையே அவர் பெற்றார்; மகிந்த ராஜபக்சவுக்கு ஏறத்தாழ 58 கிடைத்தன. தேர்தல் மாவட்டங்கள் 22 இல் பொன்சேகா வென்றவை ஆறே: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா. 2019 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆந் தேதி நடைபெற்ற தேர்தலில், இராணுவத்தில் லெப்டினன்ட் கேணலாக இருந்து ஓய்வுபெற்றுப் பின் பாதுகாப்புச் செயலாளராகப் பணியாற்றிய கோட்டாபய ராஜபக்ச, நூற்றுக்கு 52 வாக்குகளுடன் வெற்றியீட்டினார். அவர் தோற்ற மாவட்டங்களும் ஆறே. அவை எவை? மேலே கூறிய அதே ஆறும்தாம். ஒரு தேர்தலில் படைத்தலைவரைத் தாங்கி நின்ற மாவட்டங்கள் எவையோ, அவையே மற்றொரு தேர்தலில் படைவீரரை மறுத்து நின்றன. இதனை வெறும் தற்செயல் என ஒதுக்குதல் பொருந்தாது.

வடக்கும் கிழக்கும் போர் நிகழ்ந்த நிலங்கள். அங்குள்ளார் கணக்கு வேறு. அதனை அறிந்தோர் எழுதுவாராக. நான் ஈண்டு எடுத்துக்கொண்டது நுவரெலியாவை. போர்க்களத்துக்குத் தொலைவில், தேயிலைச் செடிகளிடையே வாழும் மக்கள், 2010 இல் ஒரு படைத்தலைவருக்கு ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளை, அதாவது நூற்றுக்கு 52 ஐ, ஏன் அளித்தனர்? அவரே 2008 இல் கனேடியப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இந்நாடு சிங்கள மக்களுக்கு உரியது என்றும், சிறுபான்மையினர் அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகளை முன்வைத்தல் ஆகாது என்றும் பொருள்படப் பேசியவர். அப்பேச்சு தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. தோட்டத்தார் அதனை அறியாதிருந்தனர் என்று கொள்வது அவர்களை அறியாதார் கூற்று.

இவ்வினாவுக்கு நம் ஆசிரியர் அறைகளில் வழங்கும் விடை ஒன்றுண்டு. தமிழர் பண்டுதொட்டு வீரத்தை வழிபடும் இனத்தவர். ஆதலின் வீரன் எவனாயினும் அவன்பால் மனம் சாய்வர் என்பது அது. கேட்பதற்கு இனிய விடை. புறநானூற்றையும் நடுகல்லையும் துணைக்கழைக்க வாய்ப்பளிக்கும் விடையுமாகும். எனினும் நம் இலக்கியங்களே இதற்கு முழுச் சான்று பகரவில்லை. கலிங்கத்துப்பரணியை நோக்குக. கலிங்கத்தின்மீது படைநடத்திச் சென்று வென்றவன் கருணாகரத் தொண்டைமான். செயங்கொண்டார் அவனது போர்த்திறத்தை விரித்துப் பாடுகின்றார். ஆயினும் நூலின் தலைவன் அவனல்லன், களத்தையே காணாத குலோத்துங்கன். வென்றவன் ஒருவன், வெற்றிக்கு உரியவன் மற்றொருவன். சேக்கிழார் காட்டும் பரஞ்சோதியார் வரலாறு இதனினும் வேறானது. வாதாபியை அழித்து மீண்ட அத்தளபதியைச் சிவனடியார் என்று அறிந்த மன்னன், அவரைப் போர்த்தொழிலில் ஏவியதற்காக வருந்தி, நிதியம் நல்கி விடுவித்தான். அவர் ஊர் சென்று அடியாரை அமுதூட்டும் தொண்டில் அமர்ந்து சிறுத்தொண்டர் ஆயினார். தமிழ் மக்கள் நெஞ்சில் நிலைபெற்ற படைத்தலைவர், படையை விட்டகன்ற படைத்தலைவரே.

2010 இல் தென்னிலங்கைச் சிங்கள வாக்காளர் செய்ததும் பரணி பாடிய புலவர் செய்ததை ஒத்ததே என்பதை இடைப்பிறவரலாகக் குறித்துச் செல்லலாம். போரை முன்னின்று நடத்திய தளபதி ஒருபுறம், அப்போரை ஏவிய ஜனாதிபதி மறுபுறம். சிங்கள மக்கள் வெற்றியை ஜனாதிபதியின் பேரிலேயே எழுதினர். போர் முடிந்து எட்டே மாதங்களில் படைத்தலைவர் என்னும் பெயர் ஒன்றே வெற்றிக்குப் போதுமானதாக இருக்கவில்லை. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரானார். ஆயின் பாராளுமன்றச் சீர்திருத்தத்தை எதிர்த்தமையால் 1831 இல் இலண்டன் மக்கள் அவர் மாளிகைக் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்தனர். வீரம் வாக்காக மாறும் என்பது விதியன்று.

என் நண்பரொருவர், அவரும் ஆசிரியரே, இதற்கு மறுப்பாக மற்றொரு கருத்தைக் கூறுவதுண்டு. அது சிந்திக்கத்தக்கது. மலையகத் தோட்டங்களில் மக்கள் வழிபடுவது வென்ற வீரனையன்று, வஞ்சிக்கப்பட்ட வீரனை என்பது அவர் கூற்று. லயங்களின் ஓரத்திலும் மலையுச்சியிலும் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கல் நாட்டிப் பொங்கலிடுகின்றனர். மதுரை வீரன் யார்? திருமலை நாயக்கரின் ஏவலால் கள்ளரை அடக்கிய படைவீரன்; பின் அம்மன்னரின் ஆணையாலேயே கையும் காலும் இழந்தவன். அவனுக்கு ஊறு செய்த அரசனுக்குக் கோயிலில்லை, அவனுக்கு உண்டு. இனிப் பொன்சேகாவை நோக்குக. 2006 ஏப்ரலில் தற்கொலைத் தாக்குதலில் படுகாயமுற்று உயிர்தப்பியவர். 2009 மே மாதத்தில் போரை முடித்தவர். அடுத்து வந்த ஜூலையில் தளபதிப் பதவியினின்று நீக்கப்பட்டு, அதிகாரம் குறைந்த பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி பதவிக்கு மாற்றப்பட்டவர். நவம்பரில் அதனையும் துறந்து வெளியேறியவர். பொன்னர் சங்கர் கூத்தை விடியவிடியக் கண்டு வளர்ந்த மக்களுக்கு இக்கதை புதியதன்று. ஆதலின் அவர்கள் உள்ளம் இரங்கினர் என்பார் நண்பர்.

அழகிய கருத்து. ஆனால் அழகு சான்றாகாது. இரக்கம் காரணமாயின், அவ்விரக்கத்தைச் சில மாதங்களுக்கு முன்னர்த் தோட்டங்களில் நடந்த ஒன்று முந்திக்கொண்டிருந்தது. அதனைக் கூறாது விடுத்து 2010 ஐப் பேசுதல், காரணத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வானத்தில் தேடுவதாகும்.

2009 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளமாக 500 ரூபா கேட்டனர். கேட்டு, மெதுவாகப் பணிசெய்யும் போராட்டத்திலும் இறங்கினர். அவ்வாண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் கிடைத்தது, கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 405 ரூபா. அடிப்படைச் சம்பளம் 285 ரூபாவே. எஞ்சியவை வரவுக்கும் தேயிலை விலைக்கும் கட்டுப்பட்டவை; மாதத்தில் வேலைநாட்கள் குறைந்தால் வரவுப் பணம் போய்விடும். அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்ட தொழிற்சங்கங்களுள் முதன்மையான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், சில மாதங்கள் சென்றதும் அதே மக்களிடம் வந்து வெற்றிலைச் சின்னத்துக்கு வாக்களிக்குமாறு வேண்டியது. மலையக மக்கள் முன்னணியும் அரசின் பக்கமே நின்றது. அதன் தலைவர் பெ. சந்திரசேகரன் 2010 ஜனவரி முதலாந் தேதி காலமானார். மலையகத்தின் இவ்விரு அமைப்புகளும் ஒருபுறம் நிற்க, மாவட்டத்தின் பெரும்பான்மை மறுபுறம் சென்றது. 2005 இல் காங்கிரசின் ஆதரவுடன் ரணில் விக்கிரமசிங்க இம்மாவட்டத்தில் பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 70. 2010 இல் பொன்சேகா பெற்ற 52 அதனிற் குறைவே. ஆயினும் முன்னது தலைவர் காட்டிய வழி. பின்னது தலைவர் காட்டாத வழி.

இம்மக்களுக்கு வாக்கு என்பது எத்தகையது என்பதையும் இவ்விடத்து நினைத்தல் வேண்டும். 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த சட்டங்களும் இவர்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1947 இல் நுவரெலியாவிலிருந்து மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், மீண்டும் மக்கள் வாக்கால் தெரிவானது 1977 இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து, கொழுந்து பறித்து, வாக்களிக்காமலே மூப்படைந்தது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டது. விடுபட்ட 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்தோர் விடயம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுற்றது. இத்தனை நெடிய காத்திருப்பின் பின் கைக்கு வந்த வாக்கைப் பிறர் சொற்படி அளிப்பதில் மனம் ஒருப்படாமை இயல்பே. நாட்டின் முதற்பெரும் பதவிக்குப் போட்டியிட்ட பொன்சேகாவின் பெயரே வாக்காளர் இடாப்பில் இல்லை என்பது தேர்தல் நாளன்று வெளிப்பட்டு எல்லோரும் பேசும் பொருளாயிற்று. தோட்டங்களில் அன்று அதனைக் கேட்டுச் சிரித்தவர் பலர். பெயரில்லாமல் இருப்பது எத்தகையது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே 2010 இல் நுவரெலியாவின் வாக்கு படைத்தலைவர்க்கு உரியதன்று. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரையும் அவர் சார்ந்த அரசையும் எதிர்க்க வேறு கருவி இருக்கவில்லை; கிடைத்த கருவி ஒரு படைத்தலைவராக அமைந்தது, அவ்வளவே. அன்று அவர்க்கு வாய்த்த சின்னம் அன்னம். 2015 இல் அதே அன்னத்தில் நின்ற மைத்திரிபால சிறிசேன சீருடை அணிந்தவரல்லர். அவருக்கும் நுவரெலியா நூற்றுக்கு ஏறத்தாழ 64 ஐ வழங்கியது. அப்போதும் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவின் பக்கமே இருந்தது. 2019 இல் அன்னம் சஜித் பிரேமதாசவுக்கு உரியதாயிற்று, நூற்றுக்கு 58. சின்னத்தைப் பார்த்துக் கைபழகிப்போய்ப் போட்டனர் என்று கூறுவோருக்கு ஒரு வார்த்தை: 2005 இல் வென்ற சின்னம் அன்னமன்று, யானை.

இனி 2019 க்கு வருவோம். தென்னிலங்கையில் சாதாரண மக்கள் கோட்டாபயவை ஆதரித்ததனை அறியாமை என்றோ இனவெறி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவது ஆராய்ச்சியாகாது. 2018 அக்டோபர் 26 இல் ஒரு பிரதமரை நீக்கி மற்றொருவரை அமர்த்திய ஜனாதிபதியின் செயலால் ஐம்பது நாட்களுக்கு மேலாக நாட்டில் யார் பிரதமர் என்பதே வழக்காயிருந்தது. பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் வீசப்பட்டதைத் தொலைக்காட்சியில் அனைவரும் கண்டனர். 2019 ஏப்ரல் 21 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டனர். அந்நிலையில், சொன்னது நடக்கும், நடக்காவிடில் காரணம் கேட்கப்படும் என்னும் ஓர் அமைப்பை மக்கள் எங்கே கண்டிருந்தனர்? படையில் மாத்திரமே. 2010 க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது கொழும்பின் நடைபாதைகள் செப்பனிடப்பட்டதையும் பூங்காக்கள் திறக்கப்பட்டதையும் அவர்கள் கண்டனர். குடிசைகள் அகற்றப்பட்டதைக் குடிசைவாசிகள் கண்டனர். ஏனையோர் கண்டது நடைபாதையை. கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் நம் தோட்டத்து இளைஞர்களும் அந்நடைபாதையில் மாலைவேளை நடந்தவர்களே. ‘ஒரு பட்டாளத்துக்காரன் வந்தால்தான் இந்த நாடு உருப்படும்’ என்னும் சொல்லை நான் முதன்முதலிற் கேட்டது சிங்களவர் வாயிலன்று. என்னிடம் பயின்று கொழும்புக்குச் சென்று, தீபாவளிக்கு வீடு வந்திருந்த ஒரு மாணவனிடம்.

ஒழுங்கை விரும்பும் மனம் குற்றமுடைய மனமன்று. பேருந்து நேரத்துக்கு வரவேண்டும், அலுவலகத்தில் கையூட்டு இல்லாமற் காரியம் முடியவேண்டும், குண்டு வெடிக்காத கோயிலில் தொழவேண்டும் என்று எண்ணுபவன் கேட்பது நல்லாட்சியைத்தான். அவன் செய்யும் பிழை ஒன்றே. கட்டளை விரைந்து நிறைவேறுவதை நல்லாட்சி என மயங்குகின்றான். கட்டளைக்குக் கீழே நின்று பாராத ஒருவனுக்கு அம்மயக்கம் எளிதில் உண்டாகும்.

மலையகத்தானோ கட்டளைக்குக் கீழேயே பிறந்தவன். நுவரெலியாவை வெள்ளையரின் வாழிடமாக வளர்த்த தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் வாட்டர்லூப் போரிற் காயமுற்ற படைத்தலைவர். கண்ணொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்த முன்னோடியும் அவரே. அவர்க்குப் பின் முடிக்குரிய காடுகளை வாங்கித் தோட்டந்துரைமார் ஆனவருள் படை அதிகாரிகளும் இருந்தனர். அவர்கள் அமைத்த ஒழுங்கு இன்றும் பெருமளவிற்கு அப்படியே உள்ளது. தோட்டங்கள் 1970 களில் தேசியமயமாயின. 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிவரிசை மாத்திரம் மாறவில்லை.

பிரட்டுக் களத்தைப் பார்த்திராத வாசகர் பொருட்டு அதனைச் சிறிது விரித்துரைப்பேன். விடிந்ததும் விடியாததுமாகத் தொழிலாளர் அங்கே கூடுதல் வேண்டும். முற்காலத்தில் தப்படித்து எழுப்புவர். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் வெட்ட இத்தனை பேர் என வேலை பிரிக்கப்படும். பிந்தி வந்தவரைத் திருப்பியனுப்புவதுண்டு. ஒருநாட் சம்பளத்துக்குத் தோட்டத்தில் வழங்கும் சொல் ‘பேர்’. பேர் விழுந்தது எனின் அன்றைய கூலி உண்டு. தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. எட்டு மணிநேரம் மழையில் நின்று அட்டைகடி பட்டவளுக்கு, கிலோக் கணக்கில் சிறிது குறைந்தமையால் பாதி மனிதக் கணக்கு. இதனை எதிர்த்து அவள் அக்கணத்தில் யாரிடம் பேசுவது? கங்காணியிடம் பேசினால் கணக்கப்பிள்ளையைக் காட்டுவார். அவர் துரையைக் காட்டுவார். துரை கம்பனியைக் காட்டுவார். எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். நேரந் தவறாது, வரிசை குலையாது, கணக்கு பிசகாது. இதைவிட ஒழுங்கான இடத்தை இலங்கையில் நான் கண்டதில்லை.

2019 தேர்தலுக்குச் சில நாட்களின் முன், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேநீர்க் கடையில், தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருடன் மேற்சொன்ன மாணவனின் கூற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிங்களவரை ஏசவில்லை. போரைப் பற்றியும் பேசவில்லை. “தொரைகிட்ட எதுத்துப் பேச நமக்குச் சங்கம்னு ஒண்ணாவது இருக்குங்க மாஸ்டர். நாட்டையே பெரட்டுக் களமாக்கிட்டா சங்கத்துக்கு எங்க போறது?” என்று கேட்டார். அதே சங்கம் அப்போது கோட்டாபயவுக்கு வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு நினைவூட்டினார்.

இதனை மாத்திரம் கொண்டு 2019 இன் வாக்கை விளக்கிவிட இயலாது. அவ்வாண்டில் மலையகக் கட்சிகள் ஒருமுகமாக இருக்கவில்லை. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவின் பக்கம் நின்று ஊர்தோறும் உழைத்தது. அதற்கு முந்திய நான்காண்டுகளில் லயங்களை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் அவ்வீட்டை நினைத்து வாக்களித்தன. இம்மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் சிங்களவர் என்பதும் மறக்கற்பாலதன்று. கோட்டாபய பெற்ற 37 அளவான பங்கில் பெரும்பகுதி அவர்களுடையதாகலாம். எனினும் தோட்டங்களிலும் அவருக்கு வாக்களித்தவர் இருந்தனர். ஆயிரம் ரூபாச் சம்பளம் என்னும் வாக்குறுதியை நம்பியவர்களை நான் அறிவேன். அச்சம்பளம் 2021 மார்ச் மாதத்தில், சம்பளச் சபையின் வழியாக வந்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். ஆயின் அதனோடு பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய நிறையும் ஏறிற்று.

கட்டளையாட்சி பதவிக்கு வந்தபின் செய்தது என்ன? சுகாதார அமைச்சின் செயலாளராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர் அமர்த்தப்பட்டார். கொள்ளைநோய்த் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதி தலைவரானார். ஒழுக்கமும் நற்பண்பும் சட்டத்தை மதித்தலும் உடைய சமுதாயத்தைக் கட்டியெழுப்பவென 2020 ஜூனில் ஒரு செயலணி அமைக்கப்பட்டு, அதில் படை, பொலிசு அதிகாரிகள் நிரம்பினர். இவற்றின் நன்மை தீமைகளைப் பிறர் எழுதியுள்ளனர். மலையகம் தன் கண்ணாற் கண்டது வேறொன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி ஓர் ஆணையால் தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை நல்லதா தீயதா என்பதன்று இங்குப் பொருள். தேயிலைச் செடியைப் பழைய உரத்தினின்று மீட்டு வேறு முறைக்குப் பழக்கப் பல ஆண்டுகள் வேண்டும் என்பது கவ்வாத்துக் கத்தி பிடித்த எவனுக்கும் தெரிந்த செய்தி. வேளாண் அறிஞரும் அதனையே கூறினர். ஆனால் படையில் ஆணை பிறந்தபின் ‘எங்ஙனம்’ என்று கேட்பதற்கு இடமில்லை. செடி அவ்வாணைக்கு அடங்கவில்லை. கொழுந்து சிறுத்தது, துளிர் விடும் இடைவெளி நீண்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தபோது உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. வாங்குதற்கு நாட்டிடம் டொலரும் இல்லை. 2021 இல் 29 கோடியே 90 இலட்சம் கிலோவை அண்மித்த தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடியே 10 இலட்சம் அளவிற்கு வீழ்ந்தது. கால் நூற்றாண்டில் இத்துணைக் குறைவு இருந்ததில்லை. ஆணை கொழும்பிற் பிறந்தது. அரைப்பேர் விழுந்தது பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும்.

2022 ஜூலை 13 ஆந் தேதி கோட்டாபய நாட்டை விட்டகன்றார். மறுநாள் பதவி துறந்தார். அவரைத் துரத்தியோர், மூன்றாண்டுகளுக்கு முன் அவரை விரும்பி அழைத்த தென்னிலங்கை மக்களே. அவர்களைக் கண்டு ‘நாங்கள் அப்போதே சொன்னோம்’ என்று மலையகத்தார் எவரும் எள்ளி நகைத்ததாக நான் கேள்விப்படவில்லை. மாவும் மண்ணெண்ணெயும் இல்லாத வரிசையில் இரு சாராரும் ஒருங்கே நின்றிருந்தனர்.

மதுரை வீரனைப் பற்றி என் நண்பர் கூறிய கருத்துக்கு ஒரு விடை எஞ்சியுள்ளது. பொன்சேகா தேர்தலில் தோற்றபின் 2010 பெப்ரவரி 8 இல் கைதுசெய்யப்பட்டார்; இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் பாராளுமன்ற உறுப்புரிமையை இழந்து சிறையிலிருந்தார்; 2012 மே மாதத்தில் விடுதலையானார்; 2015 இல் மன்னிப்பும் பீல்ட் மார்ஷல் பட்டமும் பெற்றார். வஞ்சிக்கப்பட்ட வீரனுக்கு வேண்டிய இலக்கணம் 2010 இல் இருந்ததைவிடப் பின்னரே அவரிடத்து நிறைந்தது. அவர் 2024 செப்டெம்பரில் மீண்டும் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நுவரெலியாவின் ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ஒருபுறமிருக்க, இலங்கை முழுவதிலும் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 22,407. அவ்வாண்டு ஆடியிலும் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மதுரை வீரனுக்குப் பொங்கல் வழக்கம்போலவே நடந்தது.